மண்ணைப் பார்த்த பிறகே கன்று கொடுக்கும் பகாவ் நர்சரி

பூச்செடி வாங்க மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள எங்கள் பகாவ் சுற்றுவட்டாரத்தில் நர்சரிக்குப் பஞ்சமே இல்லை. காட்டு மரக் கன்று வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான். பட்டணத்தைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்கும் முனையில், பழைய தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தோட்ட நாற்றுமேடையில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் தன் மகனோடு சேர்ந்து நடத்துகிறார். மெராந்தி, கெருயிங், செங்கால், மெராவான், ஜெலுத்தோங், பூலாய் என்று வலை நிழலில் வரிசை வரிசையாகப் பாலிபேக்கில் நிற்கின்றன. வெயிலில் தனியாக, வெட்டவெளியில் முதலில் முளைக்கும் மாஹாங்கும் மெங்கிராயும். கன்றின் தரத்துக்காக மட்டும் நான் இந்த இடத்தைச் சொல்லவில்லை. எந்த மண்ணில் வைக்கப் போகிறோம், அந்த மண்ணுக்கு இதுவரை என்னென்ன நடந்திருக்கிறது என்று தெரியாமல் அவர் ஒரு கன்றைக்கூட விற்பதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா பால்மரம் (ரப்பர்) வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய இரண்டு ஏக்கர் எங்களுக்கு இருக்கிறது. மேட்டில் ஒரு பகுதி இன்னும் பழைய பால்மரங்கள். நடுவில் மரங்களை விற்றபோது லோரியும் டிராக்டரும் ஏறி இறங்கிய பாதை, இப்போது முழுக்க லாலாங் புல். கீழே ஓடை ஓரம் எப்போதும் ஈரம். இந்த நிலத்தைச் செம்பனைக்குக் குத்தகை விடச் சொல்லிப் பலர் வந்தார்கள். எனக்கு அங்கே காட்டு மரங்கள் நிற்க வேண்டும் என்று ஆசை. முப்பது மெராந்தி கேட்டுத்தான் போனேன்.

"மேட்டுக்கா, பள்ளத்துக்கா, லோரி போன இடத்துக்கா டீச்சர்?" என்று கேட்டார். எல்லா இடத்துக்கும்தான் என்றேன். "அப்போ முதல்ல நிலத்தப் பாத்துடுவோம்" என்று அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டார். இடம் பார்க்க ஐம்பது வெள்ளி (ரிங்கிட்). நூறு வெள்ளிக்கு மேல் கன்று எடுத்தால் அதைக் கழித்துக்கொள்கிறார்.

அவர் கொண்டுவந்த கருவி இருபுறமும் வெட்டிய ஒரு மைலோ டின்னும் ஒரு சங்கோலும் (மண்வெட்டி). டின்னைப் பாதி வரை மண்ணில் தட்டி இறக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். பால்மரத்தடியில், பல வருடச் சருகு கிடக்கும் இடத்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உள்ளே போய்விட்டது. லோரிப் பாதையில் ஊற்றிய தண்ணீர் நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகும் ஏறக்குறைய அப்படியே நின்றது. அங்கே சங்கோலால் வெட்டியபோது மேல்மண்ணே இல்லை. நேராகச் செம்பூரான் கல்தான், மேலே துருப்பிடித்த குண்டுமணிகளாகக் கையில் உதிர்ந்தது. ஓடை ஓரத்தில் இன்னொரு கதை. அந்த மண் சாம்பல் நிறம், வேர் ஓடிய தடங்களில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள். அடிக்கடி தண்ணீர் தேங்கிக் காற்றுப் போகாத மண்ணுக்கு அதுதான் அடையாளம் என்றார். இரண்டு ஏக்கருக்குள் மூன்று நிலம். மழையும் வெயிலும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

லோரிப் பாதைக்கு ஒரு மெராந்தியும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "காசு குடுக்குறீங்கங்கிறதுக்காக சாகப்போற இடத்துக்குக் கன்னு குடுக்க மனசு வரல." காரணத்தை நர்சரியில் வைத்துக் காட்டினார். ஒரு மெராந்தி தெம்பாகா கன்றைப் பையிலிருந்து மெதுவாக உருவி மண்ணை உதறினார். சல்லிவேர்களின் நுனிகள் தடித்து, வெளிறி, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறை போட்ட மாதிரி இருந்தன. அந்த உறை பூஞ்சை. மெராந்தி, கெருயிங், செங்கால் குடும்பத்து மரங்கள் இந்தப் பூஞ்சையோடு கூட்டாகத்தான் சத்து தேடுகின்றன. நம் பக்கத்துச் செம்மண் காலங்காலமாக மழையில் கரைந்து பாஸ்பரஸ் குறைந்துபோன மண். அதில் எட்டாத சத்தை வேருக்கு எட்ட வைப்பது இந்தக் கூட்டுதான். மேல்மண்ணை வழித்தெடுத்த இடத்தில் பூஞ்சையும் போய்விடுகிறது, இறுகிய மண்ணில் வேரும் இறங்காது. அதனால் அவர் பாலிபேக் கலவையில் தாய்மரத்தடி மண்ணைக் கொஞ்சம் சேர்த்துத்தான் கன்று வளர்க்கிறார். வெறும் மணலும் தேங்காய் நாரும் போட்டு வளர்த்த கன்றுகளை வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். இலை பளபளக்கும், நுனிவேரில் இப்படி எதுவும் இருக்காது.

சரி, அந்தப் பாதைக்கு என்ன தந்தார்? மாஹாங். கன்று ஒன்றுக்கு இரண்டு வெள்ளி. சாலை ஓரத்தில் தானாக முளைக்கும் மரத்துக்குக் காசா என்று கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காட்டில் ஒரு மரம் சாய்ந்து சின்னதாக வெளிச்சம் விழுந்தால், அடியில் பல வருடமாகக் காத்திருக்கும் மெராந்தி, செங்கால் கன்றுகளே எழுந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். புல்டோசர் ஏறினால் கதை வேறு. காத்திருந்த கன்றுகளே நசுங்கிப் போயிருக்கும். அப்போது மண்ணுக்குள் உறங்கும் மாஹாங், மெங்கிராய் விதைகளும் பறவை கொண்டுவருபவையும்தான் முளைக்கும். மெராந்தி விதைக்கு உறக்கமே கிடையாது. விழுந்த சில வாரத்துக்குள் முளைக்க வேண்டும், இல்லையேல் செத்துப்போகும். அதுவும் வருடாவருடம் காய்க்காது. சில வருடங்களுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும்போதுதான் விதை. பக்கத்தில் தாய்மரமும் இல்லாமல் மண்ணும் இறுகிப்போனால் அந்த இடம் லாலாங்குக்கும் ரெசாம் என்ற பெரணிக்கும்தான் சொந்தம். லாலாங் தீயில் எரிந்தாலும் அடித்தண்டிலிருந்து மறுபடி வரும். அது தாங்காதது நிழல் ஒன்றுதான். வேகமாக உயர்ந்து அகல இலை விரிக்கும் மாஹாங் அந்த நிழலைத் தரும். சங்கோலால் குழியைச் சுற்றி நன்றாக இளக்கிவிட்டு மாஹாங் வை, லாலாங் ஒடுங்கி அடியில் சருகு சேர்ந்த பிறகு மெராந்திக்கு வா என்பது அவருடைய கணக்கு. (சில மாஹாங் வகைகளின் தண்டு உள்ளே குழல், அதில் எறும்புகள் குடியிருந்து இலை தின்னும் பூச்சிகளை விரட்டும். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கிளையைப் பிளந்து காட்டினேன், வகுப்பே மொய்த்துவிட்டது.)

பால்மர நிழலுக்குச் செங்கால் தந்தார். மெதுவாக வளரும், இளமையில் நிழலைத் தாங்கும். மரம் விழுந்து கொஞ்சம் வெளிச்சம் இறங்கும் இடங்களுக்கு மெராந்தி தெம்பாகா. ஓடை ஓரத்துக்கு நம் ஏழிலைப்பாலையின் உறவான பூலாயும், ஈரத்தில் நிற்கும் கெலாட் (நாவல் இனம்) வகை ஒன்றும். செங்கால் பன்னிரண்டு வெள்ளி, மெராந்தி எட்டு, மற்றவை ஐந்துக்குள்.

இதெல்லாம் ஒரு நர்சரிக்காரரின் கைப்பழக்கம் மட்டும்தானா என்று யோசிப்பவர்கள், எங்கள் நெகிரி செம்பிலானிலேயே இருக்கும் பாசோ காட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 1980களில் மலேசிய வன ஆய்வுக் கழகமும் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனமும் 50 ஹெக்டேரை அளந்து, தண்டு ஒரு சென்டிமீட்டர் பருமன் வந்த ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800க்கும் மேற்பட்ட இனங்கள். சரவாக்கில் லம்பிர் மலையிலும் இதே போல 52 ஹெக்டேர். அங்கே களிமண்ணில் நிற்கும் மரக்கூட்டம் வேறு, மணற்பாங்கில் நிற்கும் கூட்டம் வேறு. பாசோவில் 1950களில் மரம் வெட்டிய பகுதி அரை நூற்றாண்டு கழித்தும் வெட்டாத நடுக்காட்டைப் போல ஆகவில்லை, பெரிய மரங்கள் அங்கே குறைவு.

பாசோவில் என்னை அதிகம் வருத்தும் விஷயம் கோடாலியே படாத நடுக்காட்டில் நடப்பது. சுற்றியுள்ள செம்பனைத் தோட்டத்தில் பழம் தின்று பெருகிய காட்டுப்பன்றிகள் காட்டுக்குள் போய் மண்ணைக் கிளறுகின்றன. குட்டி போடும் நேரத்தில் தாய்ப்பன்றி நூற்றுக்கணக்கான இளங்கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் கூடு கட்டும். வேலி போட்டுப் பன்றியைத் தடுத்த இடங்களில் கன்றுகள் எவ்வளவோ அதிகமாக வந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கிளறிய மண்ணிலும் விழுந்த வெளிச்சத்திலும் செண்டுடுக் புலு நுழைந்துவிடுகிறது. ரோமம் படர்ந்த இலை, கருநீலப் பழம், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. நாம் தோட்டத்தில் சிந்தவிடும் பழம் பக்கத்துக் காட்டின் அடுத்த தலைமுறை மரங்களைத் தீர்மானிக்கிறது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. அண்ணன் என் நிலத்துக்கு முதலில் எழுதித் தந்த செலவே வேலிதான்.

குறைகளும் உண்டு. சில செங்கால் கன்றுகள் பையிலேயே வயதாகி, அடியில் வேர் சுருண்டு கிடக்கின்றன. அப்படி வேர் சுருண்ட கன்று பின்னால் சரியாகக் கால் ஊன்றாது. பையின் அடியைத் தடவிப் பார்த்து எடுங்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். சீட்டில் "மெராந்தி" என்று மட்டும் எழுதியிருப்பது போதாது. மெராந்தி என்று எத்தனையோ இனங்கள், ஒவ்வொன்றுக்கும் மண் வேறு. மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். உரம் விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போகவில்லை. தோட்டப் பழக்கத்தில் எல்லாக் குழிக்கும் பாஸ்பேட் போடச் சொல்கிறார். பால்மரத்துக்குப் பல வருடம் உரம் போட்ட மேட்டில் அது தேவையில்லை என்று நினைக்கிறேன், களைதான் கொழுக்கும். அங்கே நான் போடவில்லை, செங்கால் நன்றாகவே இருக்கிறது. லோரிப் பாதையில் மாஹாங் என் தலைக்கு மேல் போய்விட்டது. பாதையின் மிக இறுகிய முனையில் வைத்தவை மட்டும் காய்ந்துவிட்டன, அங்கே இன்னும் ஆழமாக இளக்க வேண்டும்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் அண்ணன் இருக்க மாட்டார். உங்கள் நிலத்தில் வெவ்வேறாகத் தெரியும் இடங்களிலிருந்து ஒவ்வொரு பிடி மண்ணைத் தனித்தனிப் பையில் கொண்டுபோங்கள். தீ வைத்ததா, லோரி ஏறியதா, களைக்கொல்லி அடித்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மெராந்தி வேண்டுமென்றால் இருக்கிறதா என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள், விதை கிடைக்காத வருடத்தில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.