பிரதமர் திட்டக் கடன் என்று சொல்லி 65,000 ரூபாய் வாங்கினார்கள்: பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நெல்லைப் பெற்றோர் கவனத்துக்கு

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். ஆற்றுப் பாசனத்தில் எட்டு மரக்கால் விதைப்பாடு வயலும் என் அப்பா கட்டிய வீடும்தான் சொத்து. மகள் பொறியியல் முடித்துவிட்டு இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டாள். 2025-இல் பிசான அறுப்பு முடிந்து நெல் பணம் கையில் இருந்த நேரத்தில், பாளையங்கோட்டையில் ஒரு கன்சல்டன்சிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, வீட்டுப் பத்திரம் உங்க பீரோவிலயே இருக்கட்டும். அடமானம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். பிரதமர் திட்டத்துல லோன் எடுத்துத் தாரோம்" என்றார் அங்கே இருந்தவர். மேசையில் ஒரு செய்தித்தாள் நறுக்கை லேமினேட் செய்து வைத்திருந்தார். பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தி அது. அடமானமும் ஜாமீனும் இல்லாத கல்விக் கடன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் செய்தி உண்மையானது. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். லோன் ஃபைலுக்கு 40,000, ஸ்காலர்ஷிப் வாங்கித் தர 25,000, ஆக 65,000 ரூபாய் கட்டினேன்.

மார்ச் போனது, ஏப்ரல் போனது. போன் போட்டால் "ஃபைல் டெல்லியில இருக்கு" என்பார்கள். கார் பருவ நெல் நடவு நேரமும் வந்துவிட்டது. மனசு கேட்காமல் அம்பாசமுத்திரத்தில் ஒரு அரசு வங்கிக்கு நானே போனேன். மேலாளர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவுக்குள் இருக்கும் தரமான கல்லூரிகளில் சேருகிற பிள்ளைகளுக்கு மட்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

இந்த இடத்தை எல்லோரும் கவனித்துப் படியுங்கள், ஏனென்றால் பெயர்க் குழப்பத்தை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். 2015-இலிருந்து வித்யா லட்சுமி என்றே ஒரு இணையதளம் இருக்கிறது. அது கடனுக்கு மனுப் போடும் இடம். ஒரே படிவத்தில் மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது, வெளிநாட்டுப் படிப்புக்கும் போடலாம். ஆனால் கடன் தருவது வங்கி. அதன் விதிகள் வேறு. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக அரசு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கும். வெளிநாடு என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதத்தை நாம் போட வேண்டும். எங்களுக்கு மொத்தம் 27 லட்சம் வந்தது, அதில் எங்கள் பங்கே 4 லட்சம். இதைப் பிப்ரவரியிலேயே யாராவது சொல்லியிருந்தால் நெல் பணத்தை அப்படியே எடுத்து வைத்திருப்பேன்.

ஸ்காலர்ஷிப் கதையும் அப்படித்தான். மகளுக்கு 3,000 பவுண்ட் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை மகள் தேடிப் பார்த்தாள். வெளிநாட்டு மாணவர்கள் எல்லோருக்கும் தானாகவே கழித்துக்கொள்ளும் கட்டணச் சலுகை அது, தனியாக மனுவே தேவையில்லை. "எப்பா, இதுக்கா இருபத்தஞ்சாயிரம் குடுத்தோம்?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கன்சல்டன்சிக்கு நேரில் போய்க் கேட்டேன். அப்புறம் அங்கே இருந்தவர் சொன்ன யோசனைதான் என்னை இன்றுவரை பதற வைக்கிறது. இங்கிலாந்து விசாவுக்கு, பல்கலைக்கழகத்துக்கு இன்னும் கட்ட வேண்டிய படிப்புக் கட்டணத்தோடு, லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,136 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவையும் காட்ட வேண்டும் என்று அப்போது விதி. அந்தப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். "வட்டிக்கு ஆள் இருக்கு அண்ணாச்சி, 28 நாள் உங்க கணக்குல போட்டுட்டு எடுத்துக்கிடுவாங்க" என்றார். விசாவில் ஏமாற்றியதாகக் கண்டுபிடித்தால் பத்து வருடம் அந்த நாட்டுக்குள் போக முடியாமல் தடை வரும். விசா கிடைத்தாலும், காட்டிய பணம் திரும்பிப் போன பிறகு அந்தக் குளிரில் பிள்ளை எதைக் கொண்டு வாடகை கொடுப்பாள், எதைச் சாப்பிடுவாள்? எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு வங்கி வழியாகவே போனோம். வயலை அடமானமாக எடுக்கவில்லை. கடன் நின்றுபோனால் அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழி தரும் சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்தை எடுக்க முடியாதாம். வீட்டைக் கேட்டார்கள். வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, தம்பி தங்கைகளின் விடுதலைப் பத்திரம், பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து என்று இரண்டரை மாதம் ஓடிவிட்டது. செப்டம்பர் சேர்க்கை கைவிட்டுப் போனது. பல்கலைக்கழகம் ஜனவரிக்குத் தள்ளிக் கொடுத்ததால் தப்பித்தோம். உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று, பிள்ளை கடைசி வருடம் படிக்கும்போதே பார்த்து வையுங்கள்.

65,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். அதில் லோன் என்றோ ஸ்காலர்ஷிப் என்றோ ஒரு வார்த்தை இல்லை. "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று மட்டும் இருந்தது. நல்லவேளையாக, பிரதமர் லோன் என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை மகள் அழிக்காமல் வைத்திருந்தாள். அவற்றையும் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே கொடுக்கலாம். இதே மாதிரி ரசீது கையில் இருப்பவர்கள் போன் பேச்சையும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். மனுக் கொடுக்க இரண்டு வருடம்தான் அவகாசம்.