ஓசியானோ டூன்ஸ்: பல வருடங்கள் மணலில் வண்டி ஓட்டிய அனுபவம்

கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் கடற்கரை மணலிலேயே வண்டி ஓட்ட விடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுன்டியில், பிஸ்மோ பீச் என்ற ஊருக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் ஓசியானோ டூன்ஸ். டூன்ஸ் என்றால் மணல்மேடுகள். என் ஜீப்பைப் பல வருடங்களாக அங்கே கொண்டுபோகிறேன். சில சமயம் ஏடிவி என்கிற நாலு சக்கர மணல் பைக்கை வாடகைக்கு எடுத்தும் ஓட்டியிருக்கிறேன். போகலாமா என்று கேட்கிறவர்களிடம் தாராளமாகப் போங்கள் என்பேன். ஆனால் அந்த இடம் எப்படி உருவானது என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். அது தெரியாமல் போனால், அங்கே இருக்கும் ஒவ்வொரு வேலியும் விதியும் எரிச்சலைத்தான் கிளப்பும்.

பூங்கா என்ற பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே வண்டிகள் ஓடின. அலை வடிந்த பிறகு ஈர மணல் இறுகிக் கிடக்கும். அதனால் குதிரை வண்டிக் காலத்திலேயே இந்தக் கரை ஒரு பாதையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்கள் வந்தன. அதே காலத்தில் ஓசியானோவில் பெரிய கடலோர ஊர் ஒன்று எழப்போகிறது என்று சொல்லி மனைகளாகப் பிரித்து விற்றார்கள். ஊர் எழவில்லை. அந்தத் திட்டத்தின் பெயரால் ‘லா கிராண்டே’ என்றே அழைக்கப்படும் நிலத்தின் மேல்தான் இன்று நாம் வண்டி ஓட்டுகிறோம். 1920கள் முதல் 1940கள் வரை மணல்மேடுகளுக்கு நடுவே குடிசை போட்டுக் கவிஞர்களும் ஓவியர்களும் துறவிகளும் வாழ்ந்தார்கள். ‘டியூனைட்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த செஸ்டர் ஆர்தரின் பேரன் கேவின் ஆர்தரும் அவர்களில் ஒருவர். அங்கே முகாம் போடும் இரவுகளில் எனக்கு அவர்களுடைய நினைப்பு வராமல் இருந்ததில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜீப்புகளும், மணலில் ஓட்டவென்றே செய்த டூன் பக்கி என்ற திறந்த வண்டிகளும் பெருகின. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற நிலை. இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது 1971இல் வந்த சாப்பி-ஸ்பெர்க் சட்டம். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜீன் சாப்பியும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த எட்வின் ஸ்பெர்கும் சேர்ந்து கொண்டுவந்தது. வண்டி ஓட்டுவதை ஒரேயடியாகத் தடுக்காமல், அதற்கென்று இடம் ஒதுக்கி, ஓட்டுகிறவர்கள் கட்டும் பதிவுக் கட்டணத்திலும் எரிபொருள் வரியிலும் அந்த இடத்தைப் பராமரிப்பது என்பதுதான் ஏற்பாடு. இந்த வழியில் முதலில் வந்தது, சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு தன் ஊடாகவே ஓடும் ஹாலிஸ்டர் ஹில்ஸ் என்ற பூங்கா. அதை 1975இல் மாநிலம் வாங்கியது. 1982இல் பிஸ்மோ மணல்மேடுகளும் வாகனப் பொழுதுபோக்குப் பூங்கா ஆயின. ஓசியானோ டூன்ஸ் என்ற பெயர் பிறகு வந்தது.

சரி, அங்கே ஓட்டுவது எப்படி இருக்கும்?

கிராண்ட் அவென்யூ, பியர் அவென்யூ என்று இரண்டு நுழைவாயில்கள். உள்ளே போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தி டயர் காற்றை இறக்கிவிடுங்கள். நான் 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குவேன். டயர் பரந்து உட்கார்ந்தால்தான் மணல் தாங்கும். ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது என்ற தைரியத்தில் காற்றை இறக்காமல் போகிறவர்கள்தான் அச்சு வரை புதைந்து நிற்கிறார்கள். கரையோரத்தில் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக்கூடாது. பதிவெண் உள்ள சாலை வண்டிகள் நேராக உள்ளே போகலாம். ஏடிவி, டர்ட் பைக் மாதிரியானவற்றை கரையோரம் நட்டிருக்கும் எண் கம்பங்களில் இரண்டாவது வரை டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். அதைத் தாண்டித்தான் மேடுகளில் ஏற அனுமதி.

எட்டடி உயரத்தில் ஒரு கொடி கட்டச் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் இதை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால், மேடுகளின் கடல் பக்கம் மெதுவான சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். கடலிலிருந்து உள்ளே போகும்போது சுகமாக ஏறிக்கொண்டே இருப்பீர்கள். உச்சி வந்ததும் தரை சட்டென்று கீழே போய்விடும். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தால், உங்கள் கண்ணுக்கு முதலில் படுவது அவருடைய கொடிதான். ஒரு நாள் காற்றில் மேட்டின் விளிம்பு நகர்ந்துவிடும். அதனால் நேற்று ஓட்டிய தடத்தை நம்பி இன்று வேகம் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஹெல்மெட் போடாமல் ஏடிவியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் வேலிகள். வெஸ்டர்ன் ஸ்னோயி பிளவர் என்ற சின்னக் கரைப்பறவையும், லீஸ்ட் டெர்ன் என்ற ஆலாவும் இங்கே வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும். ஆலா 1970 முதலும் பிளவர் 1993 முதலும் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. ஆகவே மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடு கட்டும் பகுதியில் வண்டிகளுக்கு இடமில்லை. நல்ல மேடுகள் போய்விட்டன என்று குறைபடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. தொலைநோக்கியோடு போய் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். குஞ்சுகள் ஓடுவது தெரியும்.

பறவைகளைவிடப் பெரிய சண்டை தூசியைப் பற்றியது. செடிகள் இல்லாத மணலில் பலமாகக் காற்று வீசும்போது மணல் துகள்கள் துள்ளித் துள்ளி, மெல்லிய தூசியைக் கிளப்பிவிடுகின்றன. வசந்த காலத்தில் அது நேரே, காற்று போகும் திசையில் இருக்கும் நிப்போமோ மேட்டுநிலத்து வீடுகளுக்குப் போகிறது. 2011இல் கவுன்டியின் காற்றுத்தர அமைப்பு இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. வண்டி ஓட்டும் பகுதிகளில் சிலவற்றை மூடிச் செடிகள் நட்டார்கள். மணல் இயற்கையிலேயே பறப்பதுதானே என்று எங்கள் கூட்டத்தில் பலர் வாதிடுவார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனாலும் செடி பிடித்த மேட்டையும் சக்கரம் உழுத மேட்டையும் காற்றடிக்கும் பிற்பகலில் அடுத்தடுத்துப் பார்த்தவன் நான். ஆஸ்துமாவோடு அங்கே வாழ்கிறவர்களின் புகாரைத் தட்டிக்கழிக்க என்னால் முடியாது.

2021 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் கடற்கரைப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மாநில அமைப்பான கடலோர ஆணையம், மூன்று வருடங்களுக்குள் மேடுகளில் வண்டி ஓட்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தது. அந்த வாரம் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் பலவற்றில் பேச்செல்லாம் அதுதான். மூன்று தலைமுறையாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆணையத்துக்கு அப்படி மாற்ற அதிகாரமில்லை என்று 2023இல் நீதிமன்றம் சொன்னது. எனக்கு நிம்மதிதான். ஆனால் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கிற நாமே செடி நட்ட இடத்தில் வண்டியை ஏற்றினால், அடுத்த வழக்கில் நமக்காகப் பேச என்ன மிஞ்சும்?

முதல் முறை போகிறவர்கள் இலையுதிர் காலத்து வார நாளைத் தேர்ந்தெடுங்கள். காற்றும் கூட்டமும் குறைவு. பியர் அவென்யூவுக்குத் தெற்கே அரோயோ கிராண்டே ஓடை குறுக்கிடும். அதில் தண்ணீர் ஏறியிருந்தால் வண்டியை இறக்கக் கூடாது. மழைக்காலத்தில் அதற்காகவே பயணத்தைத் தள்ளிப்போட வேண்டிவரும். கிளம்பும் நாள் காலையில் ஓடை நிலவரத்தையும் அலை அட்டவணையையும் பாருங்கள். மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர் மூன்றும் வண்டியில் இருக்கட்டும். திரும்பியதும் அன்றைக்கே அடிப்பகுதியை நன்னீரால் கழுவிவிடுங்கள், உப்பு துருவாக மாற அதிக நாள் எடுக்காது.