கம்பத்து ஹோம்ஸ்டேயா, லிட்டில் இந்தியா நடையா?

சுற்றிப் பார்க்க வர்றவங்களுக்கு மலேசியாவுல கம்பத்து (கிராமத்து) ஹோம்ஸ்டே, சிங்கப்பூர்ல லிட்டில் இந்தியாவ நடந்து சுத்திக் காட்டுறது; ரெண்டுல எது நல்லதுன்னு என்னக் கேட்டா மலேசியா வழிதான். அங்க 1995லயே பகாங்ல டேசா முர்னியில ஹோம்ஸ்டே ஆரம்பிச்சாச்சு, சுற்றுலா அமைச்சுல பதிவு பண்ணணும், வீட்டுக்காரங்க அதே வீட்டுல இருக்கணும், விருந்தாளிக்குத் தனி ரூம் கொடுக்கணும், அவங்களோடயே உக்காந்து சாப்பிட்டு கம்பத்து வேலையையும் பார்த்துட்டு வரலாம். இங்க சிங்கப்பூர்ல அதெல்லாம் நடக்காது லா, எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்ட வாடகைக்கு விட்டா குறைஞ்சது 6 மாசம், காண்டோன்னா (தனியார் அடுக்குமாடி) 3 மாசம். அதனால நமக்கு நடைதான்: கெர்போ ரோட்டுல டான் டெங் நியாங்கிற பழைய சீன வியாபாரி வீட்டோட கலர் கலர் ஜன்னல், கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையம், அப்புறம் பூக்கடைங்க. காசு வாங்கி கூட்டிட்டுப் போறவங்ககிட்ட டூர் கைடு லைசென்ஸ் இருக்கணும், அது நல்ல விஷயம்தான், ஆனா மாலை கட்டுற அண்ணனுக்கு இதுல என்ன கிடைக்குது? போட்டோ எடுத்துட்டு ஒரு முழம் பூ கூட வாங்காம போயிடுறாங்க.