பதற்றக்காரர் கையில் வீட்டு பி.பி. கருவி

மருத்துவமனையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்த அழுத்தம் 150-ஐத் தாண்டியே இருந்ததால், மாத்திரை தொடங்கும் முன் ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து எழுதி வரும்படி மருத்துவர் சொன்னார். அதற்காக மருந்துக் கடையில் வாங்கியதுதான் மேல்கையில் பட்டை சுற்றி அளக்கும் இந்த டிஜிட்டல் கருவி. விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். நான்கு பேட்டரி, பெரிய பொத்தான், கண்ணாடி போடாமலே படிக்க முடிகிற எண்கள். மருத்துவரின் கருவியோடு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே துல்லியத்தில் எனக்குக் குறையில்லை. எளிதில் பதறுகிறவர்களுக்கு இது எந்த அளவுக்கு ஒத்துவரும் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

பட்டையில் காற்று ஏறிக் கையை இறுக்கும்போது ரத்தக்குழாயில் உண்டாகும் அதிர்வுகளைக் கொண்டு கருவி அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. அந்த இறுக்கமே சிலருக்குப் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். பயம் வந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக்குழாய்கள் பல சுருங்குகின்றன, அழுத்தம் உண்மையாகவே ஏறுகிறது. அலுவலகத்துக்காரரோடு தொலைபேசியில் வாக்குவாதம் செய்து முடித்த கையோடு அளந்தபோது எனக்கு 152/94, நாடித்துடிப்பு 104. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின் அளந்தால் 128/82, துடிப்பு 78. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லும் வீட்டாரிடம் இந்த இரண்டு அளவுகளையும் காட்டலாம். பிரமைக்கு நாடி எகிறாது.

ஆனால் படபடப்பின் எல்லா முகங்களும் இதில் தெரியாது. பதற்றத்தில் மேல்மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை சுற்றும். அப்போது பி.பி. இயல்பாகவே இருக்கலாம். அந்த அளவைப் பார்த்து ஆறுதல் அடைவதற்குப் பதிலாக, கருவிதான் பழுதோ என்று மறுபடி பட்டையைச் சுற்றுகிறவர்களும் உண்டு.

கருவியின் வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காதது இங்கேதான் வருகிறது. அழுத்தம் சற்று உயர்ந்தாலும் திரையின் ஓரத்தில் சிவப்புப் பட்டை எரிகிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அடுத்த அளவு இன்னும் ஏறுகிறது. கை நடுங்கினாலோ அசைந்தாலோகூடச் சில நேரம் "சீரற்ற துடிப்பு" என்னும் இதயக் குறி மின்னுகிறது. அமைதியாக உட்கார்ந்து அளக்கும்போதும் அது திரும்பத் திரும்ப வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே முறை. மாறாக, ஒரு நிமிட இடைவெளி விட்டுத் தானாகவே மூன்று முறை அளந்து சராசரி சொல்லும் வசதி அருமையானது. ஒற்றை அளவைப் பிடித்துக்கொண்டு தவிப்பதை அது பெருமளவு தடுக்கிறது. இந்த வசதியுள்ள கருவிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

வீட்டு அளவுகளின் சராசரி 135/85-ஐ எட்டினால் அது உயர் ரத்த அழுத்தக் கணக்கில் வரும். மருத்துவமனையில் அந்த எல்லை 140/90. எனக்கு வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே நின்றதால் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், ஆனால் விட்டுவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தார். காலை, மாலை என்ற முறையைத் தவிர மற்ற நேரங்களில் கருவி அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி போன்றவை வந்தால் பதற்றம் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு பட்டையைத் தேடாமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வாங்குவோர் மணிக்கட்டில் கட்டும் வகையைத் தவிர்த்து, மேல்கையின் சுற்றளவைக் கடையிலேயே அளந்து, அதற்கேற்ற பட்டையைக் கேட்டு வாங்குவது நல்லது. பட்டை சிறிதாக இருந்தால் இல்லாத பி.பி.யையும் கருவி காட்டும்.