பழ மணம் சேர்த்த பிளாக் டீ: நான்கு டப்பாக்கள், மூன்று மாதங்கள்

அலமாரியில் இருக்கும் நான்கு டப்பாக்களில் ஒன்று மட்டும் அடி தெரியும் அளவுக்குக் காலியாகிவிட்டது. மற்ற மூன்றிலும் பாதிக்கு மேல் தூள் இருக்கிறது. என் தேர்வு எது என்று கேட்டால் அந்தக் காலி டப்பாவைத்தான் காட்டுவேன்: பீச் மணம் சேர்த்த பிளாக் டீ. ஆனால் நான்கையும் வரிசையாக வைத்துக் குடித்துப் பார்த்த முதல் நாளில் பீச்சுக்கு மூன்றாவது இடம்தான் கொடுத்திருந்தேன். பிறகு அது எப்படி முன்னுக்கு வந்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மற்ற மூன்று: பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரே, லிச்சி, பிளாக்கரன்ட் என்ற புளிப்பான சிறு கறுப்புப் பழம். எலுமிச்சையையும் ஆரஞ்சையும் விட்டுவிட்டேன். பெர்கமாட்டும் அதே குடும்பம்தான், ஒன்றைப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. தேயிலையே இல்லாமல் வெறும் செம்பருத்தியும் உலர்பழமும் போட்டு ‘பழ டீ’ என்று விற்பவற்றையும் சேர்க்கவில்லை. அது வேறு பானம்.

தேநீர்ச் சுவை பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரமுறை உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிட ஊறல். ரசித்துக் குடிப்பதற்கான அளவு அல்ல. குறைகளை வெளியே இழுத்துக் காட்டும் அளவு. முதல் சுற்றை அப்படியே செய்தேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை. நான்குமே துவர்த்தன. லிச்சியில் மட்டும் துவர்ப்பு பட்டுப்போல் மென்மையாக இருந்தது, பிளாக்கரன்டில் நாக்கின் ஓரத்தைப் பிடித்தது. அன்றாடம் குடிப்பதற்கு 200 மில்லிக்கு இரண்டரை கிராம், 4 நிமிடம் என்று குறைத்துக்கொண்டேன்.

நம்மில் பலர் ஏமாறுவது தூளோடு கலந்திருக்கும் பழத்துண்டுகளைப் பார்த்துத்தான். பீச் டப்பாவிலிருந்து துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரு கண்ணாடிக் கோப்பையில் தனியாகப் போட்டு, வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டேன். லேசான மஞ்சள் நிறத்தில், ஏதோ இனிப்பு கழுவிய தண்ணீர் போல வந்தது. பீச் வாசனை இருக்கிறதா என்று இரண்டு முறை முகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. துண்டுகள் இல்லாத வெறும் தேயிலையைப் பக்கத்துக் கோப்பையில் போட்டபோது அந்த மணம் முழுவதும் அதில் இருந்தது. அதாவது, மணம் இருப்பது இலையின்மேல் தெளித்த மணப்பொருளில்தான், துண்டுகள் கண்ணுக்கு. வாங்கும்போது எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை, இலை எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

சரி, முதல் நாள் முடிவு: ஏர்ல் கிரே முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளும்போது மூக்கில் தெறிக்குமே, அந்தத் துடிப்பு. அதற்குப் பின்னால் லேசாகப் பூ மணம். உலகின் பெர்கமாட்டில் பெரும்பகுதி இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் கலாப்ரியாவில் விளைகிறது. பழத்தைத் தின்ன முடியாது, அவ்வளவு புளிப்பும் கசப்பும். தோலின் எண்ணெய்க்காகவே வளர்க்கிறார்கள். அந்த எண்ணெய் பிளாக் டீயின் துவர்ப்போடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கி நிறுத்துகின்றன. இரண்டாவதாக லிச்சி. லிச்சிக்குள் ஒரு ரோஜா மணம் ஒளிந்திருக்கிறது. ரோஜாவில் இருக்கும் சில மணப்பொருட்கள் இந்தப் பழத்திலும் உண்டு. பீச் மூன்றாவது. பிளாக்கரன்ட் கடைசி.

அப்புறம் நாட்கள் ஓடின. நான்குமே ஒரே மாதிரி இரட்டை மூடித் தகர டப்பாக்கள், வெளிச்சம் படாத ஒரே அலமாரி. மாதம் ஒரு முறை நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் மாத முடிவிலேயே ஏர்ல் கிரேயில் அந்தத் தெறிப்பு மங்கியிருந்தது. ஒன்பதாவது வாரம் ஒருநாள் காலை மூடியைத் திறந்தபோது தோல் கிள்ளிய வாசனை சுத்தமாக இல்லை. சோப்புக் கட்டியை நினைவுபடுத்தும் ஒரு வறண்ட வாசனை மட்டும். கோப்பையிலும் அதேதான். மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதற்காக வாங்கினேனோ அது போய்விட்டது. அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பீச்சிலும் முதல் நாளின் பசுமை குறைந்திருந்தது. ஆனால் நடுப்பகுதி, அந்தக் கனிந்த சதையின் மணம், அப்படியே நின்றது. இதற்குக் காரணம் உண்டு. பெர்கமாட் எண்ணெயில் நிறைய இருக்கும் லிமோனின் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள். பீச்சின் மணத்துக்கு ஆதாரமான காமா டெக்காலாக்டோன் கொதிப்பது சுமார் 281 டிகிரியில். டப்பாவுக்குள் எதுவும் கொதிப்பதில்லைதான். ஆனால் எது சுலபமாக ஆவியாகும், எது ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்பதை இந்த இடைவெளி காட்டிவிடுகிறது. லிமோனினுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாக மாறிவிடும். டப்பா காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடும். இங்கேதான் பீச்சை நான் மதிக்கிறேன்: அதிகம் திறந்தது அந்த டப்பாவை, அதிகம் காலியானதும் அதுதான், அதாவது அதிகக் காற்றோடு கிடந்ததும் அதுதான். அப்படியும் மூன்றாவது மாதம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் பீச் என்று சொல்ல முடிந்தது.

லிச்சி இரண்டுக்கும் நடுவில். ரோஜாப் பகுதி கிளம்பிப்போய், பொதுவான ஓர் இனிப்பு மணம் மிஞ்சியது.

இதே குணம் கோப்பைக்குள்ளும் தெரிகிறது. வேலைக்கு நடுவே டீயை மறந்துவிட்டு வெதுவெதுப்பாகக் குடிக்கிற ஆள் நான். ஏர்ல் கிரே சூடாக இருக்கும்போதே தன் மணத்தையெல்லாம் ஆவியோடு அனுப்பிவிடுகிறது. ஆறிய பிறகு துவர்ப்புதான் முன்னே நிற்கும். பீச் ஆறும்போதுதான் திறக்கிறது. குளிரவைத்தாலும் நன்றாகவே இருக்கிறது. அடர்த்தியாகப் போட்டுச் சட்டென்று குளிரவைத்தால் கலங்கும், அது கெட்டுப்போனதால் அல்ல, தேயிலையின் காஃபீனும், தியாஃபிளேவின் என்ற அதன் நிறப்பொருளும் ஒன்றுசேர்வதால்.

பீச்சின் குறையையும் சொல்ல வேண்டும். மூக்கு இனிப்பை எதிர்பார்க்க வைக்கும், நாக்குக்கு இனிப்பு கிடைக்காது. முதல் வாரம் இது எனக்கு உறுத்தியது. அரை ஸ்பூன் சர்க்கரை போட்டால் சரியாகிவிடுகிறது, இப்போது அதுவும் தேவைப்படவில்லை. இன்னொன்று, அடித்தளத் தேயிலை. நான் எடுத்தது சுறுசுறுப்பான துவர்ப்புள்ள சிலோன் இலை. இதற்கு முன் ஒருமுறை அஸ்ஸாம் இலையில் செய்த பீச் வாங்கியிருந்தேன். அதன் மால்ட் சுவை, அதாவது முளைகட்டி வறுத்த தானியத்தின் சுவை, பழத்தை அமுக்கிவிட்டது. மலிவான கலவைகளில் மிட்டாய் வாசனைதான் வரும், அதைப் பீச் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாலோடுதான் குடிப்பேன் என்பவர்களுக்கு என் பரிந்துரை தலைகீழ். ஏர்ல் கிரேயை வாங்குங்கள், கொஞ்சம் பாலை அது தாங்கும். பீச்சில் பால் எனக்குப் பிடிக்கவில்லை. பிளாக்கரன்ட் கலவையில் செம்பருத்தி இதழ் கிடந்ததைக் கவனிக்காமல் பால் ஊற்றினேன், கண்ணெதிரே திரிந்தது. புளிப்பைக் காட்டும் அளவான பிஎச் குறைந்து 4.6 அருகே வந்தால் பாலின் கேசீன் புரதம் திரண்டுவிடும். செம்பருத்தியின் புளிப்பு அந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடுகிறது.

பிளாக்கரன்டைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரே ஒரு டப்பாதான் குடித்திருக்கிறேன், அதிலும் செம்பருத்தி கலந்தது. வெறும் தேயிலையும் பழ மணமும் மட்டும் உள்ள கலவை கிடைத்தால் மறுபடி பார்ப்பேன். லிச்சிக்கும் இதே நிலைதான்; சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் நெடுநாளாகச் செய்யும் வகையை நான் இன்னும் தொட்டதில்லை.

எதை வாங்கினாலும் மணம் சேர்க்காத தேயிலையைத் தள்ளி வையுங்கள். என் சாதாரணத் தூள் ஏர்ல் கிரேக்குப் பக்கத்தில் பதினைந்து நாள் இருந்து பெர்கமாட் வாசனையை வாங்கிக்கொண்டது. டீ ஊறவைப்பது கண்ணாடியிலோ பீங்கானிலோ இருக்கட்டும். மெருகில்லாத மண் கெட்டில் வாசனையைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

ஏர்ல் கிரேயை விட்டுவிடப் போவதில்லை. ஐம்பது கிராம் பொட்டலமாக வாங்கி ஒரு மாதத்துக்குள் முடிப்பதாக இருந்தால் இன்றும் அதுதான் எனக்கு முதல். பீச் டப்பாவில் இன்னும் ஒரு பத்துக் கோப்பைக்குத் தூள் இருக்கும். அடுத்ததும் அதேதான், இந்த முறை கால் கிலோவாக.