மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில்: முன்னாடி சீட்டுக்கு அடிச்சுக்காதீங்க, கடைசி பெட்டில ஏறுங்க

ஊட்டி ட்ரெயின் பத்தி ஆயிரம் பேர் எழுதியாச்சு, எல்லாரும் மலை, அருவி, டீ தோட்டம், செல்ஃபி. நான் எழுதப்போறது எஞ்சின் பத்தி. ரயில் பைத்தியம் இல்லாதவங்க இப்பவே அடுத்த ரிவ்யூக்கு போயிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

போனது மூணு பேரு. நான், எங்க மாமா, அப்புறம் மச்சான். மாமா ரயில்வேல ரிட்டயர்ட் ஆனவர், ஆரம்பத்துல நம்ம பொள்ளாச்சி மீட்டர் கேஜ் லைன்ல (தண்டவாளம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு மீட்டர் தான்) ஒய்.பி.ங்கற நீராவி எஞ்சின்ல ஃபயர்மேனா கரி அள்ளிப்போட்ட ஆளு. மச்சானுக்கு ரயில்னா அவ்வளவா ஆகாது, அவனுக்கு எல்லாமே கார் தான். பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒண்ணு வச்சிருக்கான், மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, பானெட்ட தூக்கினா ரெண்டு பக்க மட்கார்டோட சேர்ந்து மொத்த முன்பக்கமும் முதலை வாய் மாதிரி தொறக்கும். ராத்திரி மூணு மணிக்கு அதுலதான் பொள்ளாச்சில இருந்து கெளம்பினோம். வழி பூரா சண்டை. மாமா கோயம்புத்தூர்ல இருந்து பழனி, மதுரை வழியா ராமேஸ்வரம் போன மீட்டர் கேஜ் வண்டிய பத்தி ஆரம்பிச்சா, இவன் உடனே அம்பாசடர் கை கியர், முன் சீட்ல மூணு பேர் ஒக்காந்து போனதுன்னு நடுவுல பூந்துருவான்.

மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு வண்டி. டிக்கெட் மேட்டர் சுருக்கமா சொல்லிடறேன், ரிசர்வேஷன் தொறந்தவுடனே போட்டுருங்க, சீசன்ல கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள காலி. எடுத்து தர்றேன்னு சொன்ன ஒரு டிராவல்ஸ்காரர நம்பி போன வருசம் நாங்க ஏமாந்தது தனி கதை, பணம் திரும்பி வர ரெண்டு மாசம் ஆச்சு. இந்த தடவ நானே ஒக்காந்து ரெண்டு டிக்கெட் போட்டேன். மச்சான் வேணாம்னுட்டான், "நான் ஹெரால்ட்லயே ரோட்ல வர்றேன், குன்னூர்ல பாத்துக்கலாம், யார் முன்னாடின்னு"ன்னான்.

இப்ப முக்கியமான விசயம். ஏறும்போது இந்த வண்டில எஞ்சின் முன்னாடி இருக்காது, பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே போகும். அதனால முன்னாடி இருக்கற ஃபர்ஸ்ட் கிளாஸ்ல எதிர்ல ஒண்ணும் மறைக்காது, வியூ சூப்பரா இருக்கும், எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க. ஆனா அங்க ஒக்காந்தா எஞ்சின் சத்தம் எங்கயோ பக்கத்து ஊர்ல கேக்கற மாதிரி தான். செகண்ட் கிளாஸ்ல கடைசி பெட்டி, எஞ்சின ஒட்டி இருக்கறது, அதான் நம்ம சீட். ரிசர்வேஷன்ல அந்த பெட்டிதான் வரும்னு சொல்ல முடியாது, எங்களுக்கு வந்தது அதிர்ஷ்டம். வெள்ளை சட்டை மட்டும் போட்டுட்டு போகாதீங்க, நான் போட்டுட்டு போனேன்.

கல்லார் வரைக்கும் சும்மா பாக்கு தோப்பு வழியா ஓடுது, பெருசா ஒண்ணும் இல்ல. கல்லார் தாண்டினதும் தான் ஆட்டம். தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்பு பட்டை ரெண்டு பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க, ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பல்லுக்கு நேரா இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும், அப்பதான் எஞ்சினோட பல் சக்கரம் எப்பவும் ஏதோ ஒரு பல்ல கடிச்சிட்டே இருக்கும். வண்டி அந்த பட்டைல ஏறுற எடத்துல வேகத்த கொறச்சு மெதுவா கொண்டுபோய் சேக்கறாங்க, அடில ஒரு சின்ன குலுங்கல், "கடக்"னு. மாமா என் தொடைய தட்டி "புடிச்சிருச்சு"ன்னார்.

அதுக்கப்புறம் சத்தமே வேற. எக்ஸ் கிளாஸ் எஞ்சின், ஸ்விட்சர்லாந்து விண்டர்தூர்ல டிசைன் பண்ணது, நாலு சிலிண்டர். சமதளத்துல ரெண்டு தான் வேலை செய்யும், பல் பட்டைல ஏறினதும் அதே நீராவிய மத்த ரெண்டு சிலிண்டருக்கும் அனுப்பி பல் சக்கரத்த சுத்த வைக்கறாங்க. அதனால ரெண்டு தாளம் ஒண்ணு மேல ஒண்ணு விழுகுற மாதிரி கேக்குது. 12.5 அடி போனா 1 அடி ஏறுது, இந்தியாவுலயே செங்குத்தான ரயில் பாதை இதான். ஸ்பீடு 13 கிலோமீட்டர் தான், சைக்கிள்காரன் முந்திருவான், ஆனா அந்த மூச்சு வாங்கற சத்தத்த இவ்வளவு கிட்டத்துல கேக்க எனக்கு இதுவே வேகமா தான் இருந்துச்சு.

டிரைவருக்கு முன்னாடி பாதை தெரியாதுல்ல, அதனால ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் ஒரு பிரேக்ஸ்மேன், அதாவது பிரேக் போடற ஆள், நின்னுக்கிட்டு கொடி காட்டறார், முன்பெட்டில காட்டறத அடுத்தவர் பாத்து காட்ட, அப்படியே எஞ்சின் வரைக்கும் வருது. எங்க பெட்டி ஆள் கூட மாமா பேச ஆரம்பிச்சார், அதோட என்னைய மறந்துட்டார்.

ஹில்குரோவ்ல தண்ணி புடிக்க நிறுத்தினாங்க. பெட்டில டாய்லெட் கிடையாது, கொழந்தைங்க, வயசானவங்க இருந்தா ஸ்டேஷன்ல நிக்கறப்பவே போயிட்டு வந்துருங்க. டீ குடிச்சிட்டு மாமா எஞ்சின் பக்கத்துல போய் நின்னார். இப்ப நெறைய எஞ்சின் எண்ணெய்ல தான் எரியுது, திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்லயே புதுசாவும் செஞ்சிருக்காங்க. நான் அவருக்கு புடிக்காதுன்னு நெனச்சேன், கரி ஆளாச்சே. "கரி அள்ளினவனுக்கு தான்டா தெரியும் இது எவ்வளவு நல்லதுன்னு"ன்னு முதுக புடிச்சுக்கிட்டே சொன்னார். ஸ்டீம் ஸ்டீம்னு உருகுற நம்ம கோஷ்டி இத கொஞ்சம் யோசிக்கணும்.

16 சுரங்கம். ஒவ்வொண்ணுலயும் பெட்டில இருக்கறவங்க ஊளை விடறாங்க, முதல் மூணுக்கு ஜாலி, அப்புறம் காது வலி. கடைசி பெட்டில புகை கொஞ்சம் உள்ள வரும், ஆஸ்துமா இருந்தா முன்னாடியே ஒக்காருங்க.

குன்னூர்ல எறங்கினா மச்சான் கைல வர்க்கி பொட்டலத்தோட நிக்கறான். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி எப்பவோ வந்துட்டானாம். பர்லியாறுல ரேடியேட்டர் கொதிச்சு, பானெட்ட தொறந்து போட்டு, பழக்கடைக்காரம்மாகிட்ட குடம் வாங்கி தண்ணி ஊத்தினத அவனா சொல்லல, கால்சராய்ல இருந்த ஈரத்த பாத்து மாமா தான் கண்டுபுடிச்சார். "நாங்களும் தண்ணிக்கு நின்னோம்டா, ஆனா எங்களுக்கு டைம்டேபிள்லயே இருக்கு"ன்னார்.

குன்னூர்ல ஸ்டீம் எஞ்சின கழட்டிட்டு டீசல் மாட்டறாங்க. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு அழகான ஸ்டேஷன் எல்லாம் வருது, கேத்தி பள்ளத்தாக்கு நல்லாவே இருக்கு. ஆனா எஞ்சினுக்காக வர்றவங்க குன்னூரோட முடிச்சுக்கலாம், காசு மிச்சம். மாமா டீசல பாத்ததும் ஊட்டி டிக்கெட்ட என் கைல திணிச்சுட்டு ஹெரால்ட் முன் சீட்ல போய் ஒக்காந்துட்டார்.

மத்தியானம் ஊட்டில இருந்து எறங்கற வண்டியும் இருக்கு, அதுல எஞ்சின் முன்னாடி வரும், தள்ளாது, வண்டிய தாங்கி புடிச்சுக்கிட்டே எறங்கும். சத்தம் வேணும்னா ஏறும்போது போங்க, டைம் கம்மியா வேணும்னா எறங்கும்போது போங்க.

5க்கு 4.5 குடுக்கறேன், அரை மார்க் அந்த ஊளைக்கு போச்சு. ஊட்டி ஸ்டேஷன் வாசல்ல வந்து பாத்தா ஹெரால்ட் முதலை வாய தொறந்து நிக்குது, மாமா கைல தண்ணி பாட்டில், மச்சான் பக்கத்துல பேசாம நிக்கறான்.