பெயரில்லாத லெவல் சென்சார்: வாங்கலாமா?

டாப் லோட் வாஷிங் மெஷினுக்கு என்று ஸ்பேர் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற, பிராண்ட் பெயர் அச்சிடாத மூன்று பின் லெவல் சென்சார் பற்றியது இது. டப்பில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மெஷினின் கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்லும் பாகம் அது. விலை பெரும்பாலும் ஒரிஜினலில் பாதிதான். வேலை செய்கிறது, வாங்கலாம். ஆனால் கோளாறு சென்சாரில்தான் என்று உறுதியான பிறகு வாங்குங்கள். தண்ணீர் நிற்காமல் ஏறுவது, பாதியில் நின்றுவிடுவது, டிரெயின் ஆன பிறகும் ஸ்பின் ஆகாதது போன்ற புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி அதற்குப் போகும் காற்று டியூப்தான்.

டப்பின் அடியில் ஒரு சின்ன காற்று அறை இருக்கும். தண்ணீர் ஏற ஏற அதில் சிக்கிய காற்று அழுந்தும். அந்த அழுத்தம் டியூப் வழியே மேலேறி சென்சாரின் ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளும். 10 செ.மீ. தண்ணீருக்கு அழுத்தம் வெறும் 1 கிலோபாஸ்கல்தான். ஆகவே டியூபில் ஊசிமுனை ஓட்டை, எலிப்பல் பட்ட கீறல், காற்று அறையில் சோப்புக் களியும் பஞ்சும் அடைத்த அடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் போர்டுக்குத் தவறான அளவு போகும். போர் தண்ணீர் ஊரில் இந்தக் களி சீக்கிரமே கெட்டியாகிவிடும்.

முதலில் ஒரு சோதனை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் தண்ணீர் விழுந்தால் இன்லெட் வால்வ் கோளாறு, சென்சாரைத் தொட வேண்டாம். நின்றுவிட்டால் மேல் பேனலைக் கழற்றலாம். பிளக் வெளியில்தான் இருக்க வேண்டும். பல போர்டுகளில் 5 வோல்ட் பகுதிகூட மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கும். கரன்ட்டோடு மீட்டர் வைப்பது ஆபத்து.

சென்சாரிலிருந்து டியூபைப் பிடுங்கி, டப் பக்கமாக வாயால் ஊதுங்கள். தங்குதடையின்றிக் காற்று போக வேண்டும். கம்ப்ரெஸர் வைத்து ஊதுபவர்கள் டியூபைக் கழற்றாமல் ஊதி டயாஃப்ரத்தைக் கிழித்துவிடுவதும் உண்டு. அடுத்து மல்டிமீட்டரில், சென்சாருக்குள் இருக்கும் காயிலின் (கம்பிச் சுருளின்) இரு முனைகளுக்கு இடையே ஓம் பாருங்கள். பல மாடல்களில் ஓரத்து இரண்டு பின்கள்தான் அவை. சில பத்து ஓமுக்குள் காட்டினால் காயில் சரி. ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் சென்சார் போய்விட்டது. எல்ஜியில் பிஇ, சாம்சங்கில் 1இ அல்லது 1சி என்று லெவல் சென்சார் எரர் வந்தாலும் கனெக்டரில் துரு, ஒயரில் எலிக்கடி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

கடையில் 'பிரஷர் சுவிட்ச்' என்று மட்டும் கேட்டால் பழைய கிளிக் சத்தம் போடும் மெக்கானிக்கல் வகையையும் எடுத்து நீட்டுவார்கள். அது இதற்கு ஆகாது. மூன்று பின் வகை, அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் அலைவெண்ணைப் போர்டுக்கு அனுப்புவது. அந்த அளவும் பின் வரிசையும் மாடலுக்கு மாடல் வேறுபடும். பழையதைக் கையோடு கொண்டுபோய் மேலே உள்ள எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள். சென்சாரின் நடுவில், அளவைச் செட் செய்யும் திருகு பசை வைத்து மூடியிருக்கும். பசை உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று பொருள், வேறு ஒன்று கேளுங்கள். மலிவுச் சென்சாரில் வரும் குறையும் இந்தத் திருகைச் சுற்றித்தான்: கம்பெனி செட்டிங்கிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் தண்ணீர் அளவு இரண்டு விரற்கடை கூடும் அல்லது குறையும். அதைத் துவைப்பில் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காலி டப்பையே 'தண்ணீர் இருக்கிறது' என்று காட்டினால் ஸ்பின் ஆகாது. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாட்டும்போது டப் முழுக்கக் காலியாக இருக்கட்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்போதே டியூபைச் செருகினால், அந்த மட்டத்தையே சென்சார் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை மெஷின் வழிய வழிய நிரப்பும். டியூப் தொங்கி வளையாமல் நேராக மேலேற வேண்டும், கிளிப்பைப் பழைய இடத்திலேயே போடுங்கள். டியூப் நுனி விறைத்து வெடித்திருந்தால் ஒரு செ.மீ. வெட்டிவிட்டுச் செருகலாம், நீளம் போதுமானால்.

பிறகு குறைந்த லெவலில் நிரப்பி, நின்றதும் மெஷினை நிறுத்திவைக்காமல் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். தானாக மறுபடி நிரப்பி மட்டம் ஏறிக்கொண்டே போனால் காற்று கசிகிறது. மட்டம் இறங்கியதால் நிரப்பினால் டிரெயின் வால்வ் கசிகிறது. புதியது போட்டும் அதே எரர் நின்றால் ஒயரையும் போர்டையும்தான் சந்தேகிக்க வேண்டும். சென்சாரைப் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அதனால் வாங்கும்போதே ரிட்டர்ன் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக்கல் ஸ்பேரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லும் கடைகள் நிறைய.